பரணில் போடாதீர்கள், விற்றுவிடுங்கள்!

கம்ப்யூட்டர் உள்ள பல வீடுகளில் பரண் மேல் ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். இறக்கித் திறந்து பார்த்தால் பழைய கீபோர்ட், திரையில் கீறல் விழுந்த மொபைல் போன், சார்ஜர் தொலைந்துபோன லேப்டாப், இன்னும் நன்றாக வேலை செய்யும் மானிட்டர் என்று ஒவ்வொன்றாக வரும். "ஏன் விற்கவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் கிடைக்கும். "உள்ளே நம் போட்டோ எல்லாம் இருக்கிறதே!" என்பது முதல் பதில். "இன்டர்நெட்டில் விற்றால் பணத்தில் ஏமாற்றிவிடுவார்கள்" என்பது இரண்டாவது. "முன்பின் தெரியாதவரை வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமா?" என்பது மூன்றாவது.

மூன்று பயங்களுமே நியாயமானவைதான். ஆனால் மூன்றுக்கும் வழி இருக்கிறது. எல்லாம் சேர்த்து அரை நாள் வேலைதான். அதைச் செய்யாமல் பொருளைப் பரணில் போடுபவர்கள் கைக்கு வரவேண்டிய சில ஆயிரம் ரூபாயை விடுகிறார்கள் என்பது ஒரு பக்கம். நல்ல பொருளும் நாணயமும் உள்ளவர்கள் ஒதுங்க ஒதுங்க, விளம்பரச் சந்தையில் மிஞ்சுவது ஏமாற்றுக்காரர்கள்தான் என்பது மறுபக்கம். எனக்கு இந்த மறுபக்கம்தான் பெரிதாகப் படுகிறது.

வரி விளம்பரத்திலிருந்து வெப்சைட்டுக்கு

செய்தித்தாளில் வரும் வரி விளம்பரம் நம் அனைவருக்கும் தெரியும். வரிக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் சொற்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதுவார்கள். பொருளில் உள்ள குறையைச் சொல்ல அங்கே இடமும் இல்லை, மனமும் வராது.

இன்டர்நெட் வந்ததும் இது மாறியது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கிரெய்க் நியூமார்க் 1995-ல் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய ஈமெயில் பட்டியல்தான் பின்னாளில் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற பெரிய விளம்பரத் தளமாக வளர்ந்தது. நம் நாட்டில் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தை 2004-ல் ஈபே வாங்கியது. ஓஎல்எக்ஸ் 2006-ல் தொடங்கப்பட்டது. குவிக்கர் 2008-ல் வந்தது. ஈபேயின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் வீட்டில் இருந்தபடியே போட்டோ எடுத்து, காசு கொடுக்காமல் விளம்பரம் போடும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு வசதியும் ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்தன. வசதி, இட நெருக்கடி இல்லை; எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், பத்துப் போட்டோ போடலாம். சங்கடம், உங்கள் விளம்பரத்தைப் பார்ப்பவர் பக்கத்துத் தெருக்காரர்தான் என்று சொல்ல முடியாது. எங்கோ ஒரு மாநிலத்தில் உட்கார்ந்து, ஏமாற்றுவதையே தொழிலாகச் செய்பவரும் அதே விளம்பரத்தைத்தான் பார்க்கிறார்.

முதல் பயம்: உள்ளே இருக்கும் நம் தகவல்கள்

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு பைலை டெலிட் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு புத்தகத்தின் பொருளடக்கத்தில் இருந்து ஓர் அத்தியாயத்தின் பெயரை அடித்துவிட்டால், அந்த அத்தியாயம் புத்தகத்தை விட்டுப் போய்விடுமா? பக்கங்கள் அப்படியேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் டெலிட் செய்வதும் இதைப் போன்றதே. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், குவிக் பார்மட் செய்தாலும் பழைய பைல்களின் பக்கங்கள் அழிவதில்லை. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை, இலவசமாகக் கிடைக்கும் ரெகவரி மென்பொருள் கொண்டே பலவற்றை மீட்டுவிடலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இருவர் 2000-க்கும் 2002-க்கும் இடையில் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிப் பரிசோதித்தார்கள். அவற்றில் 129 டிஸ்க்குகளைப் படிக்க முடிந்தது. அந்த 129-ல் முழுமையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றில் கடிதங்கள், மருத்துவத் தகவல்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் எல்லாம் கிடைத்தன. ஒரு டிஸ்க், ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்து வந்ததாகவே தெரிந்தது. ஆய்வு முடிவுகள் 2003-ல் வெளியாயின.

சரி, என்ன செய்யலாம்? விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் முழு பார்மட் செய்தாலும் பழைய தகவல் அழியாது. விஸ்டாவில் இருந்து இது மாறிவிட்டது. முழு பார்மட் செய்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படும். விண்டோஸ் 10, 11-ல் இன்னும் எளிது. செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்கள். அடுத்து வரும் திரையில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' சென்று 'கிளீன் டேட்டா' என்பதை ஆன் செய்யுங்கள். பலரும் இந்தக் கடைசிப் படியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்தால் சில மணி நேரம் ஆகலாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம்.

எஸ்.எஸ்.டி. இருந்தால் ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி. தன் ஆயுளைக் காக்க, எழுதும் இடத்தைத் தானாகவே மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் மேலெழுதி அழிக்கும் பழைய முறை முழுப் பலன் தராது. டிஸ்க் முதலிலேயே என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் கவலை குறைவு. இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. தயாரித்த நிறுவனமே தரும் மென்பொருளில் 'செக்யூர் இரேஸ்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் முடியவில்லை, மனமும் ஒப்பவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, "ஸ்டோரேஜ் இல்லை" என்று சொல்லி லேப்டாப்பை விற்கலாம். அதிலும் தவறில்லை.

மொபைல் போனில் வேலை சுலபம். இப்போதைய ஆண்ட்ராய்ட், ஐபோன் எல்லாமே தகவலை என்கிரிப்ட் செய்துதான் சேமிக்கின்றன. ஃபேக்டரி ரீசெட் செய்தால் பூட்டைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். ஆனால் அதற்கு முன் கூகுள் அக்கவுன்ட்டை நீக்கிவிட வேண்டும். ஐபோனில் 'ஃபைண்ட் மை' வசதியை ஆஃப் செய்து ஐக்ளவுடில் இருந்து வெளியேற வேண்டும். திருட்டைத் தடுக்க ஐபோனில் 2013-லும், ஆண்ட்ராய்டில் 2015-லும் ஒரு பூட்டு வந்தது. பழைய அக்கவுன்ட்டின் பாஸ்வேர்ட் இல்லாமல் போனைப் புதிதாகத் தொடங்க முடியாது. இதை மறந்தால், காசு கொடுத்து வாங்கியவர் கையில் திறக்காத போனோடு உங்களுக்குப் போன் செய்வார். சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்ற மறக்காதீர்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். "எதற்கு வம்பு, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம்" என்பவர்களுக்கும் இந்த வேலை உண்டு. வாசலுக்கு வரும் டெலிவரி ஊழியரிடம் கொடுக்கும் போனிலும் உங்கள் போட்டோக்கள்தானே இருக்கின்றன? எக்ஸ்சேஞ்ச், விலையைத்தான் குறைக்கிறது. இந்தப் பயத்தைக் குறைப்பதில்லை.

இரண்டாவது பயம்: பணம்

பொதுவாக, வாங்குபவர்தான் ஏமாறுவார் என்று நினைப்போம். இன்று தலைகீழ். விளம்பரம் போட்டவரைத்தான் தேடி வருகிறார்கள்.

ஒரு நாற்காலியை விற்க நான் விளம்பரம் போட்டபோது முதல் அழைப்பு பத்து நிமிடத்தில் வந்தது. பேசியவர் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. கால் ஆடுகிறதா, சக்கரம் உருள்கிறதா என்று எதுவும் கேட்கவில்லை. தான் ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகி வருவதாகவும், பணத்தை உடனே அனுப்பிவிட்டுப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அடையாள அட்டையின் படம் ஒன்று வந்தது. பின்னாலேயே ஒரு க்யூஆர் கோட் வந்தது. "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். அழைப்பைத் துண்டித்து, அந்த எண்ணைத் தளத்தில் புகார் செய்தேன். ராணுவ வீரர் வேடம் போட்டு நடக்கும் இந்த மோசடி பற்றிப் பல மாநிலப் போலீசார் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். யு.பி.ஐ.யில் பணம் பெற பின் நம்பர் தேவையில்லை. ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்கள் கணக்கை விட்டுப் போகிறது என்று பொருள். 2016-ல் யு.பி.ஐ. தொடங்கிய நாள் முதல் இதுதான் விதி. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு இந்த ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குச் சில பழக்கங்கள் போதும். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ, உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸையோ நம்பாதீர்கள். இரண்டையும் போலியாகச் செய்ய முடியும். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து, பேலன்ஸ் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். "தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்றாலும் இதே சோதனைதான். ஓ.டி.பி. யாருக்கும் சொல்ல வேண்டாம். திரையைப் பகிரும் ஆப் எதையும் இன்ஸ்டால் செய்யச் சொன்னால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு.

இன்னொரு அனுபவப் பாடமும் உண்டு. உண்மையில் வாங்க வருபவர் பேரம் பேசுவார், குறை கண்டுபிடிப்பார், பொறுமையைச் சோதிப்பார். அவரைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். பேரமே பேசாமல் பணம் அனுப்பத் துடிப்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது பயம்: வீட்டு வாசல்

விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கும்போது பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிள்ளையின் பள்ளிச் சீருடை, சுவரில் குடும்பப் படம், கதவில் வீட்டு எண் எல்லாம் சேர்ந்து விழும். ஒரு வெள்ளை வேட்டியைப் பின்னால் விரித்தால் போதும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை ஆஃப் செய்துவிட்டு எடுங்கள். இல்லையென்றால் படத்தை எடுத்த இடம் பைலுக்குள்ளேயே பதிவாகிவிடும். சில தளங்கள் அதை நீக்கிவிடும் என்றாலும், வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். மொபைலின் ஐ.எம்.இ.ஐ. எண், லேப்டாப்பின் சீரியல் எண் ஆகியவை படத்தில் வேண்டாம். நேரில் காட்டினால் போதும்.

சந்திப்பதற்கு வீடுதான் வேண்டும் என்பதில்லை. மொபைல், லேப்டாப் என்றால் ஆள் நடமாட்டம் உள்ள கடை வாசல் போதும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு கரண்ட் வேண்டும், மானிட்டர் வேண்டும். அதற்கு நான் கண்ட நல்ல இடம், நமக்குப் பழக்கமான சர்வீஸ் கடை. கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டு, ஏதாவது கொடுத்தால் ஒத்துக்கொள்வார். வாங்குபவருக்கும் ஒரு மெக்கானிக் முன்னால் சோதித்துப் பார்த்த திருப்தி கிடைக்கும்.

பணம் கைமாறியதும் ஒரு வெள்ளைத் தாளில் தேதி, பொருள், ஐ.எம்.இ.ஐ. அல்லது சீரியல் எண், விலை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கொரு பிரதி. நாளை அந்தப் போன் ஏதாவது குற்றத்தில் சிக்கினால், அது எந்தத் தேதியில் உங்கள் கையை விட்டுப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி. வாங்குபவருக்கும் இது பாதுகாப்பு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம். *#06# என்று டயல் செய்தால் ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். அதை மத்திய அரசு 2023-ல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் கொடுத்து, அந்தப் போன் முடக்கப்பட்டதா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம். விற்பவரே முன்வந்து இதைச் சொன்னால் நம்பிக்கை வரும்.

குறையைச் சொன்னால் விலை குறையுமா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள இந்தக் கருத்து முக்கியக் காரணம். அவர் சொன்னது இதுதான்: வண்டி நல்லதா, ஓட்டையா என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர், "இந்த விலைக்கு விற்பதற்கு வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்" என்று போய்விடுவார். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். அதைப் பார்த்து வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார்.

நம் பரணில் இருக்கும் பெட்டி இந்தக் கதையின் ஒரு பகுதிதான். இதை உடைக்க நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. வாங்குபவருக்குத் தெரியாததை நாமே சொல்லிவிடுவது.

என் கல்லூரி லேப்டாப்பை 2021-ல் விற்றேன். எக்ஸ்சேஞ்சில் 2,500 ரூபாய் சொன்னார்கள். நான் விளம்பரத்தில் இப்படி எழுதினேன்: "2016-ல் வாங்கியது. பில் உண்டு. பேட்டரி ஒரு மணி நேரம்தான் நிற்கும். வலது பக்க யு.எஸ்.பி. வேலை செய்யாது. மூடியின் மூலையில் விரிசல், படம் பார்க்கவும். மற்றபடி தினமும் பயன்படுத்தி வந்தேன். விலை 12,000." வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்களில் யாரும், "இதைச் சொல்லவே இல்லையே" என்று சண்டை போடவில்லை. மூன்றாவதாக வந்தவர் தன் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக 11,000 ரூபாய்க்கு வாங்கிப் போனார். என் பரணில் அது வெறும் அடைசல். அவர் வீட்டில் அந்த வருடம் அது ஒரு வகுப்பறை.

லேப்டாப் விற்பவர்கள் பேட்டரி நிலையை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி உண்டு. புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போதுள்ள கொள்ளளவு இரண்டையும் அது காட்டும். அதைப் படமெடுத்துப் போடுங்கள்.

இன்று கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், பட்டியலில் உள்ள புரோசசர் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதனால் நன்றாக ஓடும் பல கம்ப்யூட்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. "விண்டோஸ் 11 போட முடியாது, லினக்ஸ் நன்றாக ஓடும்" என்று ஒரு வரி எழுதுங்கள். விவரம் தெரியாத ஒரு மாணவர் தலையில் அதைக் கட்டிவிட்டு வருவது வியாபாரம் ஆகாது.

தளங்கள் செய்ய வேண்டியது

எல்லாப் பாரத்தையும் வீட்டுக்காரர் தலையிலேயே ஏற்றுவதும் நியாயமில்லை. தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கை வசதியை 2025 அக்டோபர் முதல் நிறுத்தும்படி என்.பி.சி.ஐ. உத்தரவிட்டது. கோடிக்கணக்கான பேருக்கு அறிவுரை சொல்வதைவிட, ஏமாற்றப் பயன்படும் ஒரு கதவை அடைப்பது மேல் என்பதற்கு இது உதாரணம். விளம்பரத் தளங்களும் இதே வழியில் யோசிக்க வேண்டும். விற்பவரின் மொபைல் எண்ணை அவர் அனுமதிக்காமல் காட்டக் கூடாது. சாட்டில் க்யூஆர் கோட் படம் வந்தால், "பணம் பெற ஸ்கேன் செய்யத் தேவையில்லை" என்ற எச்சரிக்கை தமிழிலேயே வர வேண்டும். விற்ற பொருளின் விளம்பரம் எண்ணோடும் படத்தோடும் மாதக்கணக்கில் தொங்கக் கூடாது. அதுவரை, விற்றதும் உங்கள் விளம்பரத்தை நீங்களே டெலிட் செய்துவிடுங்கள்.

எதையும் விற்றுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. உப்பிய பேட்டரி, எரிந்த போர்டு போன்றவை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். ஓடும் நிலையில் உள்ளவற்றுக்கு அந்த விதி வேண்டாம். பரணில் சும்மா கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரி பயன்படுத்தாமலேயே கெடுகிறது. விலையும் மாதத்துக்கு மாதம் இறங்குகிறது. இன்று 8,000 ரூபாய்க்குப் போகும் பொருளை இரண்டு வருடம் கழித்து எடைக்குத்தான் போட முடியும். விற்க முடிவு செய்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். முதலில் துடையுங்கள், பிறகு படமெடுங்கள், குறையை முதல் வரியில் எழுதுங்கள்.